நொய்யல் கரைக் கடைகளில் வீரணன்

“மனுதாரர் திரு. வீரணன், வயது 52, என்பவர் கடந்த பதினாறு ஆண்டுகளாக நொய்யல் ஆற்றங்கரையில் அமைந்துள்ள மதுக்கடைகளுக்குத் தம் நண்பர்களுடன் தொடர்ந்து சென்று மது அருந்தும் பழக்கம் உடையவர் என்பதும், புகாரில் குறிப்பிடப்பட்டுள்ள இடத்திற்கும் மது அருந்தவே சென்றார் என்பதும் விசாரணையில் தெரியவருகிறது. போதையில் ஆற்று நீரின் நிறம் அவருக்கு மாறித் தெரிந்திருக்க வாய்ப்புள்ளது. எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது.”

அரசாங்கத் தாளில் வருகிற பொய்க்கு ஒரு தனி வேலைப்பாடு உண்டு. சுவர் முழுக்க உண்மையால் கட்டி, நடுவில் ஒரே ஒரு கல்லை மாற்றி வைத்திருப்பார்கள். வீரணனுக்கு வயது ஐம்பத்திரண்டு, சரி. பதினாறு ஆண்டுகள், சரி. ஆறு, கடைகள், நண்பர்கள், எல்லாமே சரி. எண்ணினால் நாற்பத்து மூன்று கடைகள். அந்த நாற்பத்து மூன்றிலும் அவர் குடித்தது பன்னீர் சோடா.

இருபத்திரண்டாம் வயதில் உசிலம்பட்டிப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்தவர்கள் வற்புறுத்தி ஒரு மடக்கு பிராந்தி கொடுத்தார்கள். கால் மணி நேரத்தில் கழுத்திலிருந்து முழங்கை வரை தடித்துச் சிவந்துவிட்டது. அன்றோடு சரி. இதை அவர் ஒழுக்கம் என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்பார், அவ்வளவுதான். குடிக்காதவர்களிடம் இருக்கும் என்று நாம் நம்புகிற சாந்தமும் அவரிடம் கிடையாது. மூன்று பேர் குடித்து வரவேண்டிய கோபம் அவருக்குச் சோடாவிலேயே வரும்.

பிழைப்பு கண்ணில். பனியன் கம்பெனி ஒன்றில் ஷேடு பார்ப்பவர். வெளிநாட்டுக்காரன் ஒரு விரலகலத் துணியை அனுப்பி, இதே நிறம் வேண்டும் என்பான். சாயப்பட்டறை துணியைச் சாயமேற்றி அனுப்பும். இரண்டும் ஒன்றுதானா என்று விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து வீரணன் கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் துணி கட்டிங் மேசைக்குப் போகும். நமக்கெல்லாம் கறுப்பு ஒன்று. அவருக்குப் பதினொன்று. பச்சையில் ஒரு துளி மஞ்சள் கூடினால், ரோலைப் பிரிக்குமுன்பே முகம் சுளிப்பார். அப்படிப்பட்டவரிடம் உனக்கு நிறம் மாறித் தெரிகிறது என்று எழுதிக் கொடுப்பது, ஆடிட்டரிடம் உனக்குக் கூட்டல் வராது என்பதுபோல. குடிகாரன் என்றதைக்கூட அவர் ஒருவேளை பொறுத்திருப்பார். அடுத்த வாக்கியத்தைத்தான் பொறுக்கவில்லை.

கடைக்குக் கடை போகும் பழக்கம் 2008இல் ஒரு வாக்குவாதத்தில் தொடங்கியது. ஆறுமுகசாமி குண்டடத்துக்காரர், வேன் வைத்துக் கம்பெனிகளுக்குத் துணி ஏற்றுபவர். குமாரவேல் நெசவுக் குடும்பம். காதர்பேட்டையில் பனியன் மொத்தக்கடை. இவர்கள் இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குள் ஆற்றோரக் கடை ஒன்றில் உட்கார்ந்து, சாயக்கழிவு நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தார்கள். எதிரே வீரணன் சோடாவோடு. மூக்கைப் பிடிக்காமல் உட்கார இந்த ஆற்றங்கரையில் ஒரு கடையாவது இருக்காதா என்றார் ஆறுமுகசாமி. இருக்காது என்றார் குமாரவேல். தேடிப் பார்ப்போம் என்று வேனை மேற்கே விட்டார்கள். ஆலாந்துறைப் பக்கம் முதல் கடையிலேயே தண்ணீர் தெளிவாக ஓடியது. கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. விடை கிடைத்த பிறகுதான் தேடல் பதினாறு வருடம் நடந்தது. மனிதர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

சட்டதிட்டம் குமாரவேல் வகுத்தது. மூன்று பேரும் இருந்தால்தான் கணக்கில் சேரும். கடைக்குப் பின்னால் ஆறு கண்ணில் படவேண்டும். ஞாயிறு மட்டும். ஷிப்மென்ட் நெருங்கினால் வீரணன் வரமாட்டார்; பழனிக்கு மாலை போட்டால் குமாரவேல் வரமாட்டார்; பங்காளி வீட்டுக் காதுகுத்து வந்தால் ஆறுமுகசாமி வரமாட்டார், காதுகுத்தோ வந்துகொண்டே இருக்கும். ஆகவே வருடத்துக்கு மூன்று கடை தேறினால் பெரிது. இதற்கிடையில் கடைகளும் சும்மா இருக்கவில்லை. நெடுஞ்சாலையிலிருந்து தள்ளிப் போகச் சொல்லி கோர்ட் உத்தரவிட்டபோது பாதிக் கடைகள் இடம் மாறின. முந்நூறு அடி நகர்ந்த கடை பழைய கடையா, புதுக் கடையா என்று ஒரு வருடம் பேசினார்கள். பழையது என்றார் குமாரவேல். புதுசு என்றார் ஆறுமுகசாமி, அவருக்கு அந்தக் கடை ஈரல் வறுவல் பிடித்திருந்தது.

வீரணன் ஏன் போனார் என்பதற்கு அவர் சொன்ன காரணம், வேனைத் திருப்பி ஓட்ட ஒருவன் வேண்டுமே என்பது. உண்மைக் காரணம் அவர் சட்டைப்பையில் இருந்தது. சாயம் ஏற்றாத வெள்ளைப் பனியன் துணி, உள்ளங்கை அளவு, ஒவ்வொரு முறையும் ஒன்று. நண்பர்கள் மேசை பிடித்ததும் இவர் கடைக்குப் பின்னால் இறங்கி, துணியை ஒரு கல்லில் கட்டி ஆற்றுக்குள் விடுவார். அவர்கள் குடித்து முடிக்க ஒரு மணி நேரம். பிறகு எடுத்துப் பிழிந்து, வேன் கண்ணாடியில் ஒட்டிக் காயவைத்து, மறுநாள் ஷேடு கார்டு ஒட்டுகிற அட்டைப் புத்தகத்தில் ஒட்டுவார். ஊர், தேதி பின்பக்கம். கம்பெனியில் நிறம் பார்க்கும் லேபில் எதற்கும் ஒரு சாம்பிள் எடுத்து வைக்காமல் கை அடங்காது. அந்த வியாதி ஆற்றிலும் தொடர்ந்தது. பேரூரில் செம்மண் நிறம். சூலூரில் சாம்பல். மங்கலம் தாண்டினால் ஒரு முறை வெளிர் ரோஜா, ஒரு முறை சொல்லக் கூச்சமான பச்சை. ஒவ்வொரு துணியோடும் ஒரு வசவு உண்டு. அதைப் புத்தகத்தில் எழுத இடமில்லை. ஆறுமுகசாமியும் குமாரவேலும் கேட்டார்கள்.

நாற்பத்து மூன்றாவது கடை திருப்பூருக்குக் கிழக்கே. ஊர் பெயர் வேண்டாம், பட்டறையின் பெயரும் வேண்டாம். கடைக்குப் பக்கத்துச் சாயப்பட்டறை மதிலுக்கு அடியில் ஒரு குழாய் ஆற்றுக்குள் நீண்டிருந்தது. துணி வெளியே வந்தபோது நேவி ப்ளூ. வெளிறிய நீலம் அல்ல. அன்று காலைதான் தொட்டியிலிருந்து திறந்துவிட்டதுபோல் நல்ல கனமான நேவி. வீரணன் அதை வெயிலில் பிடித்தார். பிறகு வசவு இல்லாமல் அதைப் பிழிந்து மடித்தார், அதுவே நண்பர்களுக்குப் பயமாக இருந்தது. அந்த நிறத்தை அவருக்குத் தெரியும். வியாழக்கிழமை அவரே விளக்குப் பெட்டிக்குள் வைத்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட நிறம். அவர் கம்பெனியின் ஆர்டர்தான் அந்தப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது.

கோபத்தில் பல ரகம் பார்த்தவர் என்றாலும் தன் மேலேயே வருகிற ரகம் அவருக்குப் புதிது. மறுநாளே மாசுக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் புகார் எழுதினார். குழாய், தேதி, நிறம், துணியின் படம், கீழே தன் பெயரும் வேலையும். பதிலாக வந்ததுதான் மேலே நீங்கள் படித்தது.

பதில் அவருக்கு வந்த மூன்றாம் நாள் அதன் ஜெராக்ஸ் கம்பெனிக்கு வந்தது. பட்டறைக்காரர் அனுப்பியிருந்தார். மனிதவளம் பார்க்கும் ரித்தீஷ், இருபத்தெட்டு வயது, மிக மரியாதையான பையன், வீரணனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னான். துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வருகிறது, அரசாங்கத் தாளிலேயே நிறம் மாறித் தெரியும் என்று இருக்கிறது, இது நீங்கும்வரை அண்ணன் ஸ்டோரில் இருக்கட்டும், நூல் பை எண்ணும் வேலை, சம்பளம் அதேதான் என்றான். கையெழுத்து உரிமை மட்டும் இல்லை. அந்த வரியை நீக்கிக்கொண்டு வந்தால் மறுநாளே பழைய நாற்காலி.

“நான் குடிக்கிறதில்லன்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?” என்றார் வீரணன்.

“எனக்குத் தெரியும்ணா. ஆனா எங்கிட்ட பேப்பர் இல்லையே.”

வீட்டில் மனைவி ராமுத்தாய் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து சொன்னாள்: “குடிச்சிருந்தாலாச்சும் பேரு கெட்டதுக்கு ஒரு ஞாயம் இருந்திருக்கும். சோடாவக் குடிச்சிட்டுல்ல பேரக் கெடுத்துட்டு வந்து நிக்கிற.”

விசாரணையில் தெரியவருகிறது என்றால் யாரையோ விசாரித்திருக்கவேண்டும். வீரணனை யாரும் கூப்பிடவில்லை. குமாரவேலையும் இல்லை. ஆறுமுகசாமிதான் இரண்டு வாரமாகப் போனை எடுக்காமல் இருந்தார். காதர்பேட்டைக் கடையில் பனியன் மூட்டைகளுக்கு நடுவே குமாரவேல் அவரைப் பிடித்து உட்காரவைத்து, வீரணனுக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆறுமுகசாமி பொய் சொல்லவில்லை. அவர் ஊர்க்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, ஆமாங்க என்பார்கள். அதிகாரி ஒருவர் வேனை நிறுத்தி, நீங்கள் மூன்று பேரும் அந்தக் கடைக்குப் போனீர்களா என்று கேட்டார். ஆமாங்க. பல வருடமாகவா? ஆமாங்க. குடிக்கத்தானே? ஆமாங்க. வீரணனும் குடிப்பாரா? இந்த இடத்தில் ஆறுமுகசாமி கொஞ்சம் யோசித்தார். யோசித்துவிட்டு ஆமாங்க என்றார்.

“ஏண்டா சொன்ன?” வீரணன் குரலை உயர்த்தவில்லை. மூட்டை தூக்குபவர்கள் மட்டும் தூரப் போனார்கள்.

“பின்ன என்னன்னு சொல்றதுங்க மாப்ள? பதினாறு வருசமா கூட வந்த மனுசனுக்கு ஒரு வாய் ஊத்திக் குடுக்காம, சோடா வாங்கிக் குடுத்து ஒக்கார வெச்சுட்டு நாங்க மட்டும் குடிச்சம்னு ஒரு ஆபீசர்கிட்ட எப்புடிங்க வாயத் தொறந்து சொல்றது? கேக்கறவங்க என்ன நெனப்பாங்க எங்கள?”

குமாரவேல் சிரித்துவிட்டார். ஆறுமுகசாமி சிரிக்கவில்லை, அவர் சொன்னது வேடிக்கைக்கல்ல. விருந்தாளியைக் காயப்போட்ட பழி வீட்டுக்கு ஆகாது என்று வளர்ந்தவர். நண்பனின் மானத்தைவிடத் தன் உபசாரத்தின் மானம் அந்த நொடியில் பெரிதாகிவிட்டது, அதுவும் நண்பனுக்காகவே என்று நினைத்துக்கொண்டுதான்.

“ஒங்க மரியாதையில நெருப்ப வைக்க,” என்றார் வீரணன். “ஒருத்தனும் எனக்கு எதிரா சாட்சி சொல்லலடா. மரியாதை குடுத்தே கொன்னுருக்காய்ங்க.”

மறுபடி மனு போட்டார். மேல்முறையீடு, நினைவூட்டல், பதிவுத் தபால். நான்கு மாதம் நூல் பை எண்ணினார். அவர் இல்லாத லேபில் வேறொருவர் கையெழுத்துப் போட்டார். அந்தத் துணிகள் கட்டிங்குக்குப் போகும் வழியில் ஸ்டோர் வாசலைத் தாண்டும்போது வீரணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். சிலது அரை ஷேடு தப்பு, அதில் ஒரு பச்சை படுமோசம். சொல்ல உரிமையில்லை. வீட்டுக்குப் போய் ராமுத்தாயிடம் சொல்வார், அவள் அந்தப் பச்சையைத் திட்டித் தீர்ப்பாள்.

ஐந்தாம் மாதம் நேரில் ஆய்வு என்று கடிதம் வந்தது. ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு, நாற்பத்து மூன்றாவது கடைக்குப் பின்னால், உதவிப் பொறியாளர் ஆஷா வந்தார். மாற்றலாகி வந்து ஆறு வாரமே ஆனவர். வெயிலுக்குத் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நேராக மதிலடிக்குப் போனார். குழாய் இல்லை. குழாய் இருந்த இடத்தில் வட்டமாகச் சிமெண்ட் பூசியிருந்தது. வீரணன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், பதிந்தது.

“ஈரம் இருக்குங்களா இல்லீங்களா, பாத்துக்கங்க,” என்றார்.

ஆஷாவும் ஒரு விரலால் தொட்டார். “இருக்கு சார். ஆனா சிமெண்ட் பூசறது குற்றமில்லையே. குழாய் இருந்தாத்தான் குழாய்னு எழுத முடியும்.”

பிறகு சாட்சி. ஆறுமுகசாமியை ஒரு வாரமாகக் குமாரவேல் தயார் செய்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, பரீட்சைக்கு வந்தவர்போல் நின்றார்.

“இவர் குடிக்க மாட்டாரா?” என்று கேட்டார் ஆஷா.

“மாட்டாருங்க.”

“அப்போ போன தடவை குடிப்பார்னு சொன்னீங்களே?”

“ஆமாங்க.”

“எதுக்கு ஆமா?”

“நீங்க சொல்றதுக்குத்தானுங்க.”

ஆஷா பேனாவை மூடினார். குறைசொல்ல முடியாத குரலில், முன்பு சொன்னதையே இவர் மறுபடி உறுதி செய்கிறார் என்றுதான் எழுதமுடியும் என்றார். போதையில் நிறம் மாறித் தெரியும் என்பதும் பொதுவாக எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்றார். ஆறுமுகசாமி அதற்கும் தலையாட்டப் போனார். குமாரவேல் காலை மிதித்தார்.

மணி பன்னிரண்டு. முன்பக்கம் கடையின் ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. வீரணன் மதிலைச் சுற்றிப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு குவார்ட்டர் பிராந்தி. மூடியைத் திருகியது குமாரவேலுக்குப் புரிவதற்குள் பாதி உள்ளே போயிருந்தது. தண்ணீர்கூடக் கலக்கவில்லை. இருமினார், கண்ணில் நீர் வந்தது, மீதியையும் குடித்து முடித்துவிட்டுப் பாட்டிலை ஆஷாவின் காலடியில், ஆனால் பணிவாக, நேராக நிறுத்தி வைத்தார்.

“சார், என்ன பண்றீங்க?”

“குடிச்சா நெறம் மாறும்னு எழுதியிருக்காய்ங்கள்ல. எழுதுனவன் ஒருத்தனாச்சும் குடிக்கவச்சுப் பாத்தானா? நீங்க பாருங்க.” அட்டைப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்தார். “பின்பக்கம் ஊர் இருக்கு. எனக்குக் காட்டாதீங்க. எதை வேணாலும் எந்த வரிசையிலயும் எடுங்க. இந்தச் சரக்கு ஏறட்டும், இன்னும் அஞ்சு நிமிசம்.”

ஆஷா போயிருக்கலாம். சட்டப்படி அதுதான் சரி. புத்தகத்தை விரித்தவர் மூடவில்லை. ஆலமரத்து வேரில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத் தாளில் ஒன்று முதல் நாற்பத்து மூன்று வரை எண் போட்டார். பேனாவால் துணியைத் தொட்டார்.

“சாமளாபுரம்,” என்றார் வீரணன். “அடுத்தது பேரூரு, மழை பெஞ்ச மறுநாளு. இது ஒரத்துப்பாளையம் தாண்டி, உப்பு பூத்துருக்கும், தடவிப் பாருங்க. இது ஆண்டிபாளையம். சாயமே இல்ல, வெறும் சாக்கடை.” கழுத்தில் தடிப்பு கிளம்பியது. இடது கையைச் சொறிந்துகொண்டே சொன்னார். ஒவ்வொன்றையும் சபிக்கிற குரலில் சொன்னார். சபிப்பது ஆற்றையா, அதிகாரியையா, தன்னையா என்று கேட்பவருக்குத் தெரியாது. இருபதாவது துணிக்கு முகம் வீங்கத் தொடங்கியது. முப்பதாவதில் கால் தள்ளாடி மதிலைப் பிடித்துக்கொண்டார். ஆறுமுகசாமி, போதும் விட்டுருங்க அம்மிணி என்று ஆஷாவைக் கெஞ்சினார். ஆஷா விடவில்லை; அவர் தாளில் டிக் விழுந்துகொண்டே இருந்தது, விழ விழ அவர் முகத்தில் ஏதோ கடினப்பட்டுக்கொண்டே வந்தது.

ஒரே ஒரு துணியில் வீரணன் நின்றார். பழுப்பும் மஞ்சளும். மூக்கருகே கொண்டு போனார்.

“இது ஆறு இல்ல. சால்னா.”

பின்பக்கம் சூலூர் என்று இருந்தது. அன்றைக்கு முட்டைப் பரோட்டா சாப்பிட்ட கையோடு துணியைத் தொட்டவர் தான்தான் என்று ஆறுமுகசாமி ஒப்புக்கொண்டார். பதினாறு வருடத்தில் அவர் யாரும் கேட்காமல் சொன்ன முதல் வாக்குமூலம். ஆனாலும் ஊர் பெயர் வரவில்லை என்பதால் ஆஷா அதற்குக் குறுக்குக் கோடு போட்டார். கடைசித் துணி நேவி.

“இது இந்த எடம்,” என்றார் வீரணன். “நான் கையெழுத்துப் போட்ட கலரு. அதையும் எழுதிக்கங்க.”

எழுதிக்கொண்டார். பிறகு நண்பர்கள் அவரை வேனில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஊசி போட்ட நர்ஸ் வாடையைப் பார்த்துவிட்டு, இந்த வயசிலுமா என்றாள்.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. முதல் பக்கம்: ஆய்வின்போது குறிப்பிட்ட இடத்தில் குழாய் ஏதும் காணப்படவில்லை, சிமெண்ட் பூச்சு புதிதாக இருந்தது, மனுதாரர் ஆய்வின்போது மது அருந்திய நிலையில் காணப்பட்டார். இரண்டாம் பக்கம் ஆஷாவின் கையெழுத்தில் ஒரு பட்டியல், நாற்பத்து மூன்று வரிசை. கடைசியில், மது அருந்திய நிலையில் நிறம் மாறித் தெரிந்ததாகக் கண்டறியப்படவில்லை, பட்டறையில் உட்புற ஆய்வுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது என்று ஒரு வரி. முதலில் வந்த பதிலில் பொய்யாக இருந்த ஒரு சொல் இப்போது உண்மையாகிவிட்டது. உண்மையாக இருக்கவேண்டிய ஒன்றும் தாளில் ஏறிவிட்டது. இரண்டும் ஒரே குண்டூசியால் குத்தப்பட்டிருந்தன.

ரித்தீஷ் முதல் பக்கத்தைப் படித்தான். “அண்ணா, போயும் போயும் ஆய்வுக்கே குடிச்சிட்டுப் போயிருக்கீங்களே.”

“ரெண்டாம் பக்கத்தப் படி.”

“ஆடிட்டர் ஒரு பக்கம்தாண்ணா பாப்பாங்க.”

வீரணன் திட்டுவார் என்று அறை முழுக்கக் காத்திருந்தது. அவர் அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி மேசையில் வைத்தார். அறிக்கையின் இரண்டு தாளையும் எடுத்து மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஸ்டோர் சாவியைக் கொடுத்துவிட்டு, வெளியே போகும் வழியில் கட்டிங் மேசையில் விரித்திருந்த பச்சைத் துணியைத் தொட்டு, இது தப்பு, வெட்டாதீங்க என்று கட்டிங் மாஸ்டரிடம் சொன்னார். மாஸ்டர் கத்திரியை நிறுத்தினார். பிறகு வெட்டினாரா என்று வீரணன் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது அவர் எந்தக் கம்பெனியிலும் இல்லை. பட்டறைக்கு உட்புற ஆய்வு நடந்ததா என்று மாதம் ஒரு பதிவுத் தபால் அனுப்புகிறார். பதில் இல்லை. அரசாங்கக் கோப்பில் அவர் இன்றும் குடிப்பழக்கம் உடையவர்.

வீரணன் நொய்யல் கரையில் நாற்பத்து மூன்று மதுக்கடைகளுக்குப் போனார். ஒரு கடையில் ஒரு முறை குடித்தார். அன்று நாற்பத்து இரண்டு துணிகளின் ஊரைச் சரியாகச் சொன்னார்.